கும்பாவிலிருந்து வந்த குரல்கள்

கும்பா மூச்சு விட்ட அன்றைக்கு மிக்கேல்துறையில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஆனால் அங்கே கரண்ட் போவதெல்லாம் ஒரு சேதியா, அணு உலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு பனையோலை விசிறியால் வீசிக்கொள்கிற ஊர் அது, அதனால் மீன் ஏலம் முடிந்து வண்டிகள் புறப்பட்டுப்போய், ஆண்கள் வலைக்கூடத்து நிழலில் மல்லாந்து கிடக்க, பெண்கள் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றியிருந்த அந்த நேரத்தில், வடக்கேயிருந்து கடற்கரை வழியாக ஆட்கள் வரிசையாக நடந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கும்பா என்று அவர்கள் சொல்வது உலையின் வட்டக்கூரையை. சோறு தின்கிற கும்பாவை யாரோ மணலில் கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி அது கரையில் உட்கார்ந்திருக்கும்.

எமரன்சி அப்போது கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் அக்கா மகன் இன்னாசியை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் ஒரு மீன் ஏலம் நடத்திக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுக்காரியின் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. ஏலம் கூறும் மர்த்தீனாள் இருந்தாள், மூக்கால் பிரசங்கம் வைக்கும் சாமியார் இருந்தார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் காறிக்கொள்ளும் சுகாதார ஆய்வாளர் கதிர்வேல் சார் இருந்தார், ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸின் கண்டக்டர் சுடலை விசிலோடு இருந்தார். போன மாதம் அக்கா பிரகாசியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் மாமியார் குரலில் "உப்பு கூடிப்போச்சே, மருமகளே" என்று இவள் சொல்ல, பிரகாசி பதறிப்போய் குழம்பில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டாள். அன்றைக்கு வாங்கிய அடியைக்கூட எமரன்சி மறுநாள் சத்தத்தோடு நடித்துக் காட்டினாள்.

"போச்சு, போச்சு, அயிலக் கூடை போச்சு! யாருய்யா கேட்டது? இன்னாசி முதலாளியா?" என்று அவள் மர்த்தீனாளாக மாறிக் கத்த, நான்கு வயது முதலாளி கைகொட்டிச் சிரித்தான். அந்த மர்த்தீனாளே பக்கத்துப் பெஞ்சில்தான் இருந்தாள். "மீனக் கூறு போட்டு வித்தது போதாதுன்னு என்னையே விக்கியாட்டி நீ?" என்றாள்.

வந்தவர்களில் முதல் வரிசை யாரோடும் பேசவில்லை. மணலில் காலடித் தடம் விழவில்லை, காற்று போகிற பக்கம் அவர்களும் போனார்கள். வெயிலில் நடந்து வருகிறார்களே என்று மர்த்தீனாள் செம்பில் தண்ணீர் நீட்டினாள், ஒருத்தரும் வாங்கவில்லை.

"பெரிய இடத்துப் பிள்ளைய போல. ஒருத்தரோடயும் ஒட்ட மாட்டேங்குதுவ," என்று அவள் தண்ணீரைத் தானே குடித்தாள்.

இரண்டாம் வரிசை நின்றது. முன்னால் வந்தவனுக்கு முகம் என்று குறிப்பாக ஒன்றுமில்லை, ஆனால் வாய் திறந்ததும் வெளியே வந்தது மஸ்கட்டில் வேலை பார்க்கும் மர்த்தீனாள் புருஷனின் குரல், அவர் ஊருக்கு வந்தால் முதல் நாள் மட்டும் பேசுகிற அந்தக் குழைந்த குரல்.

"ஏட்டி மர்த்தீனா, கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

பஸ்ஸில் யார் கேட்டாலும் தள்ளி உட்காருகிற ஊர் அது. மர்த்தீனாள் யோசிக்காமல் பெஞ்சில் நகர்ந்தாள். அவன் பெஞ்சில் உட்காரவில்லை. அவளுடைய திறந்த வாய் வழியாக உள்ளே போய்த் தொண்டையில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டான், கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளும் பிரயாணியைப் போல அவ்வளவு சாதாரணமாக. மர்த்தீனாள் ஒரு தரம் எச்சில் விழுங்கிவிட்டு, "என்னமோ புழுக்கமா இருக்கு" என்றாள்.

எமரன்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குள் ஏறியதற்காகக்கூட இல்லை, அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை, அதற்காக. அவள் எவ்வளவு பழகினாலும் ஏதோ ஒரு எழுத்தில் எமரன்சி எட்டிப் பார்த்துவிடுவாள். இவனில் யாருமே எட்டிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் உலையின் கேன்டீனில் வேலை செய்கிற ஒருவர், வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தார். வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

"கும்பாவத் தொறந்து வுட்டாச்சு! வீட்டுக்குள்ள போங்க! கதவச் சாத்துங்க! மாத்திரையப் போடுங்க!"

"யாரு தொறந்தா?" என்று மர்த்தீனாள் கேட்டாள்.

"தொறக்கலன்னா வெடிச்சிரும்னு அவங்களே தொறந்தாவ!"

"எங்க அத்தான் எங்க?" என்று எமரன்சி கத்தினாள். பிரகாசியின் புருஷன் தொபியாஸ் அங்கே காண்ட்ராக்டில் குழாய் வேலை பார்த்தார், அன்றைக்குக் காலை ஷிப்ட்.

"உள்ள!"

பைக் போய்விட்டது. அந்த ஒற்றைச் சொல் மட்டும் புழுதியோடு தெருவில் நின்றது.

கடற்கரை வழியாக வந்தவர்கள் கும்பாவைவிட்டு எப்படி வெளியே வந்தார்கள் என்பதை ஊர் பிற்பாடு கதையாகவே சொல்லிக்கொண்டது, சொல்லச் சொல்ல அது இப்படி ஆயிற்று. கும்பாவுக்குள் ஒரு இரும்புப் பானை, பானைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் நெட்டுக்குத்தாய் நிற்கும் மெல்லிய குழாய்கள், குழாய்களுக்குள் சாக்பீஸ் துண்டு போலச் சின்னச் சின்ன வில்லைகள், ஒவ்வொரு வில்லைக்குள்ளும் நெருப்பு பெற்றுப்போட்ட பிள்ளைகள் கணக்கில்லாமல் அடைந்து கிடந்தார்கள். அடுப்பை அணைத்துவிடலாம், ஆனால் பிள்ளைகளின் உடம்புச் சூடு அணையாது, அதைத் தணிக்கத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், தண்ணீரைச் சுற்றவைக்கக் கரண்ட் வேண்டும். ஊர் கரண்டுக்காக உலையைப் பார்த்துக்கொண்டிருக்க, உலை கரண்டுக்காக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. வெளிக் கரண்ட் போயிற்று, டீசல் இன்ஜின் இருமி இருமி நின்றது, பம்பு ஓய்ந்தது, தண்ணீர் கொதித்து ஆவியாகி வற்ற வற்றக் குழாய்கள் தலைகாட்டின, தலைகாட்டியவை பழுத்தன, பழுத்தவை வீங்கின, வீங்கியவை வெடிப்பு விட்டன. வெடிப்பு வழியே பிள்ளைகள் பானைக்குள் இறங்கினார்கள், பானையிலிருந்து ஆவியோடு ஆவியாகக் கும்பாவுக்குள் ஏறினார்கள், கும்பா குக்கர் மாதிரி விம்மியது. விம்மி வெடித்தால் எல்லாரும் ஒரேயடியாக வந்துவிடுவார்கள். அதனால் உள்ளே இருந்தவர்கள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, கொஞ்சம் பேர் போகட்டும் என்று புகைபோக்கிக்குப் போகிற வால்வைத் திறந்தார்கள். எதோடும் ஒட்டாதவர்கள் முதலில் போனார்கள். தொண்டையில் இடம் தேடுகிறவர்கள் அடுத்துப் போனார்கள். சதையிலும் எலும்பிலும் குடியேறுகிறவர்கள், வந்தால் ஒரு தலைமுறைக்குப் போகாதவர்கள், கடைசியாக மெதுவாகக் கிளம்பினார்கள். உடம்பு எதை விரும்பிச் சேர்த்துவைக்குமோ அதன் குரலில் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால்தான் உடம்பு கதவைத் திறக்கிறது.

மாத்திரை எல்லா வீட்டிலும் இருந்தது. அபாய ஒத்திகை நாளில் நர்ஸம்மா வந்து, தொண்டையில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, அயோடின் என்றால் அதற்கு உயிர், நல்ல அயோடின் முதலிலேயே போய் உட்கார்ந்துவிட்டால் கெட்டதுக்கு இடமிருக்காது, சின்னப் பிள்ளைகளின் தொண்டையைத்தான் கெட்டது முதலில் தேடும் என்று விளக்கியபோது, மர்த்தீனாள் எழுந்து, "அப்போ பஸ்ஸு சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். நர்ஸம்மாவே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அதற்குத் துண்டு மாத்திரை என்று பேர். எல்லா வீட்டிலும் அது இயேசு படத்துக்குப் பின்னால், அதிகாரிகள் சொல்லும்போது போட வேண்டும் என்ற உத்தரவோடு காத்திருந்தது. சொல்ல வேண்டிய அதிகாரிகளின் சங்கு கரண்ட் இல்லாமல் ஊமையாகக் கிடந்தது.

எமரன்சி இன்னாசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வழியில் ஒருவன் சரியாகத் தொபியாஸின் குரலில், "எய்யா இன்னாசி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றான். பிள்ளை "அப்பா!" என்று வாயைத் திறக்க, இவள் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். வீட்டுக்குள் தள்ளி, மாத்திரையைப் பொடித்துச் சீனியோடு ஊட்டி, அக்காவுக்கும் கொடுத்துத் தானும் விழுங்கி, "கதவச் சாத்து, நான் வாரேன்" என்றுவிட்டு, ஈரத் தாவணியை மூக்கில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். சாமியார் டவுனுக்குப் போயிருந்தார். மைக்குக்கு பேட்டரி இருந்தது.

அதிகாரிகள் சொல்லவேண்டும், அவ்வளவுதானே. அவள் கதிர்வேல் சாரானாள்.

"க்ஹ்ம். பொதுமக்கள் கவனத்திற்கு. க்ஹ்ம். அனைவரும் வீட்டிற்குள் சென்று, வழங்கப்பட்ட மாத்திரையை உட்கொள்ளவும். க்ஹ்ம். பதற்றமடையத் தேவையில்லை."

வலைக்கூடத்தில் ஒருவர் புரண்டு படுத்தார். "பதறாண்டாம்னுட்டாரு சாரு. படுங்கலே."

எமரன்சி பல்லைக் கடித்துக்கொண்டு சாமியாரானாள். "அன்பார்ந்த இறைமக்களே" என்று மூக்கால் தொடங்கியதுதான் தாமதம், வீட்டுக்குள் இருந்தவர்களும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து தெருவில் முழங்காலிட்டு வாயைத் திறந்து ஜெபிக்க ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும். கோபுரத்து ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள், மண்டியிட்ட ஒவ்வொருவர் முன்னாலும் ஒருவன் குனிந்து, ஏதோ ஒரு அன்பான குரலில், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரே தன் கண்முன்னால், மரியாதையாக, நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவள் கண்டக்டர் சுடலையானாள்.

"ஏய் ஏறு ஏறு ஏறு! உள்ள போ, உள்ள போ! படில நிக்காத! யோவ் பெரியவரே, வேடிக்கையா பாக்கீரு? கதவச் சாத்து! துண்டப் போடு, தொண்டைல துண்டப் போடு! அந்தா வாரான் பாரு எடம் புடிக்க, நீ போடாட்டி அவன் உக்காந்துருவான், பெறவு எறக்க முடியாது! றைட்!"

விசிலும் அடித்தாள்.

ஜெபம் பாதியில் நின்றது. ஊர் எழுந்தது. ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி, பிள்ளைகளை ஜன்னல் வழியாக உள்ளே திணித்து, செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு மிக்கேல்துறை வீட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி மாத்திரையை விழுங்கியது. வெளியே நின்றவர்கள் கதவிடுக்கில் வாயை வைத்து, "எடம் இருக்கா?" என்று பணிவாகக் கேட்டார்கள். உள்ளேயிருந்து வீட்டுக்கு வீடு ஒரே பதில் வந்தது: "ஆள் வருது!"

சாயந்தரம்வரை அவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் போலத் தெருவில் நின்றார்கள். முந்திக்கொண்ட சிலர் ஏற்கெனவே தொண்டைகளில் இருந்தார்கள்தான். மர்த்தீனாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள், "இந்த மனுசன் மஸ்கட்டுலருந்து போன்ல பேசுனதவிடத் தொண்டைக்குள்ள நல்லாப் பேசுதாருட்டி. சாப்ட்டியான்னு கேக்காரு. கல்யாணம் ஆன நாள்லருந்து கேட்டதில்ல." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் சரளைக்கல்லில் வாளியை இழுத்த மாதிரி ஆகியிருந்தது. அந்த ஏலக்குரல்! எமரன்சி சுவரில் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

பஸ்கள் வரும், எல்லாரையும் ஏற்றிப் போகும், அதுவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று வெள்ளையுடுப்புக்காரர்கள் ஜீப்பில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். ஊர் மூடிய கதவுகளுக்குப் பின்னால் வாழப் பழகியது. கருவாட்டைச் சுட்டுத் தின்றார்கள், சுவரைத் தட்டி வம்பு பேசினார்கள், வெளியே இருப்பவர்களைப் பற்றி "வந்தவக" என்று மரியாதையாகவே சொன்னார்கள். "வந்தவகள்ல ஒருத்தரு முருங்கை மரத்துல ஏறிட்டாரு, இனி அந்தக் கீரையத் தொடாதிய." "என் ஆட்டு மடில ரெண்டு பேரு." ஆட்டைக் கறக்காமல் விட்டார்கள், அது கத்திக்கொண்டே இருந்தது.

யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம்தான் பதில் கொடுப்பது என்பது மிக்கேல்துறையின் பழக்கம். பேய் என்றால் மூன்றாம் தரம் கூப்பிடாது, மனுசன் என்றால் கூப்பிடுவான். வந்தவர்கள் ஒரே நாளில் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டில் யாருக்காக ஏங்குகிறார்களோ அந்தக் குரலில், அவசரப்படாமல் மூன்று தரம் கூப்பிட்டார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பிரகாசியின் வாசலில் தொபியாஸின் குரல்கள் மட்டும் ஒரு கூட்டமாக நின்றன.

"பிரகாசி, தொற. வெயிலு கொல்லுது."

"பிரகாசி, பய எங்க? சாப்ட்டானா?"

"ஏ பிள்ள, எம்மேல கோவமா? தொற."

பிரகாசியின் கை தாழ்ப்பாளில் இருந்தது. எமரன்சி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னாசி "அப்பா, அப்பா" என்று கதவை அறைந்தான்.

"அது அத்தான் இல்லக்கா!"

"ஒனக்கு எப்டிட்டித் தெரியும்? நீ ஊருக்கெல்லாம் கொரலு எடுப்பியே, சொல்லு. இதுல எது அவிய, எது அவிய இல்ல?"

எமரன்சி காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். மூச்சைக் கேட்டாள், ரகரத்தைக் கேட்டாள், சொல் முடிகிற இடத்தில் அத்தானுக்கு வருகிற சின்ன இழுவையைக் கேட்டாள். எல்லாமே இருந்தன. எல்லாமே அவர்தான். ஊர்க் குரல்களையெல்லாம் உரித்துப் போட்டவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலக்கா," என்றாள். அந்தச் சொல் அவளுடைய சொந்தக் குரலில் வந்தது, அவளுக்கே அது யாரோ பேசினது போலிருந்தது.

பிரகாசி தாழ்ப்பாளைப் பாதி இழுத்தாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு தொபியாஸ் கூப்பிட்டார்.

"பிரகாசி." சற்றுப் பொறுத்து, "பிரகாசி." அப்புறம் ஒரு இருமல். "பிரகாசி."

"ஏங்க," என்றாள் அவள்.

"தொறக்காத."

மற்றக் குரல்கள் எல்லாம் அடங்கிப்போயின. ஆடுகூடக் கத்தவில்லை.

"என்ன செஞ்சாலும் தொறக்காத. நான் அழுதாலும் தொறக்காத. நானே தொறன்னு சொன்னாலும் தொறக்காத."

பிரகாசி தாழ்ப்பாளை விட்டுவிட்டுக் கதவோடு சேர்ந்து வழுக்கி உட்கார்ந்தாள். "பெறவு எதுக்கு வந்திய?"

"பயலப் பாக்கணும்போல இருந்துச்சு. எனக்கு ஆஸ்பத்திரி வண்டி வருது, அதுக்குள்ள ஒருதரம். சன்னல்ல கண்ணாடி இருக்குல்லா, அதுவழி காட்டு."

எமரன்சி இன்னாசியைத் தூக்கிக் கண்ணாடியோரம் பிடித்தாள். அத்தான் முற்றத்தின் கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டை, கால் வெறுங்கால், கன்னம் ஒரு பக்கம் மட்டும் செங்கல் நிறம். பெயின்ட் ஈரம் காயாதவரைப் போல இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தார். வந்தவர்கள் அவர்மேல் தலைமுதல் கால்வரை அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வால்வுச் சக்கரத்தக் கையாலதான் திருப்ப வேண்டியிருந்துச்சு, கரண்ட் இல்லல்லா," என்றார் அவர், லேட்டாக வந்ததற்குச் சாக்குச் சொல்கிறவரைப் போல. "மாத்தி மாத்திப் போனோம். கடைசியாத் தொறந்தது நாந்தான். தொறக்கலன்னா கும்பாவே போயிருக்கும், பிரகாசி. நம்ம ஊருக்குள்ளதான் வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் தொறந்தேன்."

பிரகாசி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"ஏட்டி எமரன்சி, மைக்குல சுடலையண்ணன் கணக்கா வெரட்டுனியாமே? வார வழில சொன்னாவ."

"ஆமா அத்தான்."

"நல்லாப் பண்ணுன."

வெள்ளை வண்டி வந்தது. யாரும் அவரைத் தொடவில்லை, அவரும் யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறி உட்கார்ந்தார். இன்னாசி கண்ணாடியில் வாயை அழுத்தி ஊதிய ஆவி மறைவதற்குள் வண்டி போய்விட்டது.

புழுதி அடங்கியதும் வாசலில் அவர் குரல் திரும்பவும் வந்தது. "எய்யா இன்னாசி, அப்பா வந்துட்டேன். வண்டியத் திருப்பிட்டாவ. தொற."

பெரியவர்கள் இரண்டு பேரும் கல்லாய் நிற்க, பிள்ளை கீழே இறங்கிப் போய், கதவிடுக்கில் அடைத்திருந்த ஈரத்துணியில் வாயை வைத்துச் சொன்னான்: "எங்கப்பா தொறக்காதன்னுல்லா சொல்லுவாவ. நீ போ."

எமரன்சி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வந்தவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். தொறக்காத என்கிற அந்த ஒரு சொல்லை அவனால் எடுக்க முடியவில்லை, உள்ளே வருவதற்கென்றே குரல் கொண்டவனுக்கு அந்தச் சொல் எதற்கு, அது அவன் தொண்டையில் விளையவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய், கடலுக்குப் போய்த் திரும்பாமலிருந்த அந்த வீட்டுக்காரரின் குரலில் ஒரு தரம் கூப்பிட்டான். இரண்டாம் தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரத்துக்கு உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது.

எமரன்சி ஜன்னலிடுக்கில் வாயை வைத்து, அதே வீட்டுக்காரரின் குரலில், கடற்காற்றுக்கு மேல் கத்திப் பழகிய அந்தக் கட்டைக் குரலில் கத்தினாள்: "தொறக்காத!"

தாழ்ப்பாள் திரும்ப விழுந்தது.

அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எங்கே ஒரு குரல் மூன்றாம் தரம் கூப்பிட்டதோ அங்கே அதே குரலில் அவள் தடுத்தாள். மகன்களின் குரலில், மாமனார்களின் குரலில், துபாய்க்குப் போனவர்களின் குரலில், மூக்கால், காறலோடு, கொன்னலோடு, பஸ்கள் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும்வரை அவள் ஒவ்வொரு வீட்டு ஆளாகவும் மாறி அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் தொண்டை கிழிந்து சுவரோரம் உட்கார்ந்தபோது பிரகாசி தலையைத் தூக்கினாள்.

"ஏட்டி. ஒரேயொரு தரம். அவியள மாதிரி."

எமரன்சி எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, சொல் முடிகிற இடத்து அந்தச் சின்ன இழுவையைத் தேடி எடுத்தாள்.

"பிரகாசி. தொறக்காத."

"சரிங்க," என்றாள் பிரகாசி.